உனக்கு மட்டும்தான் இந்த வாடகை

சிட்டிபாபுவைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது, ஏனென்றால் போகப் போக அவரைப் பற்றிக் கொஞ்சம் தாறுமாறாகப் பேச வேண்டியிருக்கும். புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தில் ஒரு துண்டை விற்று, திருப்பதியில் அலிபிரி போகும் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி நாலு போர்ஷன் வைத்து ஒரு வீடு கட்டினார். எதிர்ச்சாரியில் சின்னதாக இன்னொரு வீட்டில் அவரும் மனைவி ரத்தினம்மாவும் இருந்தார்கள். குடித்தனக்காரர்களுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கி வந்து கொடுப்பார். மோட்டார் ஓடவில்லை என்றால் தானே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வருவார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. பார்க்கிற அத்தனை பேருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும்.

தேவசேனாவும் அவள் புருஷன் சீனுவும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீடு பார்க்க வந்தபோது, அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பாரும்மா, நீ சத்தியவேடு பக்கத்துப் பொண்ணு. நம்ம ஊரு ஜனம். மத்தவங்களுக்கு எட்டாயிரம். உனக்கு மட்டும்தான் ஏழாயிரம். வெளியில மூச்சு வுடாத."

தேவசேனா மூச்சு விடவில்லை. திருப்பதிக்கு வந்த ஒன்பது வருஷத்தில் இது அவளுக்கு ஆறாவது வீடு. ஒரு வீட்டில் ஓனரின் மகனுக்குக் கல்யாணம், காலி பண்ணு. இன்னொரு வீட்டில் கிரைண்டர் சத்தம் ஆகாது, காலி பண்ணு. மூன்றாவதில் காரணமே சொல்லவில்லை. இப்படி அலைந்தவளிடம் ஒரு மனுஷன் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்து, கிரைண்டரையும் வைத்துக்கொள் என்றால் அவரைச் சாமி மாதிரி பார்க்காமல் வேறு எப்படிப் பார்ப்பாள்? சீனுவின் பெயரில் பதினோரு மாத அக்ரிமெண்ட் எழுதினார்கள். முடிந்ததும் அதையே இன்னொரு பதினோரு மாதத்துக்குப் புதுப்பித்து எழுதினார்கள். இரண்டையும் மடித்துப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள், அதோடு மறந்தாள்.

அவளுக்குத் தொழில் மாவு. இட்லி, தோசை மாவு அரைத்துக் கிலோ கணக்கில் விற்கிறாள். முன் அறையில் இரண்டு டில்டிங் கிரைண்டர். சுற்றுவட்டாரத்தில் நாற்பத்து மூன்று வீடுகள் வாடிக்கை. இதில் ஒரு சங்கடம் உண்டு. மாவு வியாபாரம் கூடவே வராது. வீடு மாறினால் கிரைண்டர் வண்டியில் ஏறிவிடும், வாடிக்கை ஏறாது. இதுவரை ஐந்து தடவை அவள் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறாள். புதுத் தெருவில் கதவு கதவாகத் தட்டி, இலவசமாக ஒரு கிண்ணம் மாவு கொடுத்து, "துன்னு பாத்துட்டு சொல்லுங்க" என்று பல்லைக் காட்டிய அலுப்பு இன்னும் அவள் தாடையில் இருக்கிறது. சீனு டாக்ஸி ஓட்டுகிறான். இன்றைக்கு நாயுடுபேட்டை, நாளைக்கு சித்தூர் என்று போகிற பிழைப்பு. சில நாள் காசு, சில நாள் டீசல் கடன். வீட்டு வாடகை மாவிலிருந்துதான் போகிறது.

அப்படியிருக்க, ஜூன் மாதக் கடைசியில் ஒரு காலையில் சிட்டிபாபு வந்து நின்றார். முகத்தில் அவ்வளவு பாசம்.

"தேவசேனா, ஜூலைல இருந்து வாடகை ஏத்தறேன்மா. எல்லாருக்கும் ரெண்டாயிரம். உனக்கு மட்டும் ஆயிரத்தி ஐநூறு. முடியலன்னா தப்பா நெனச்சிக்க மாட்டேன், வேற எடம் பாத்துக்கோ. ஆனா இத யார்கிட்டயும் சொல்லாத, அவங்க மனசு கஷ்டப்படும்."

ஏழாயிரம் எட்டாயிரத்து ஐநூறு ஆகிறது. மாவில் அவ்வளவு எங்கிருந்து வரும்? ஆனாலும் வாய், "சரிங்கண்ணா" என்றது. தனக்கு ஐநூறு குறைத்திருக்கிறாரே என்று நன்றி வேறு. சொல்லப்போனால் அதுதான் அவர் சாமர்த்தியம். அடிக்கிற கையைப் பிடித்துக்கொண்டு கும்பிட வைத்துவிடுவார்.

இரவெல்லாம் கணக்குப் போட்டாள். கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றினால் சமாளிக்கலாம். முதலில் சொந்தக் காம்பவுண்டிலேயே சொல்லிவிடலாம் என்று மறுநாள் சாயங்காலம் பக்கத்து போர்ஷன் யமுனாவின் கதவைத் தட்டினாள். யமுனா நகரிக்காரி. சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பத்திரங்கள் டைப் அடிக்கிறாள். தேவசேனா வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, நாளைல இருந்து எங்களுக்கு மாவு வேணாக்கா."

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். சரி, புருஷன் பெண்டாட்டி தகராறாக இருக்கும் என்று தேவசேனா மாடிக்கு ஏறினாள். மேலே சித்தூரிலிருந்து வந்து செல்போன் கடையில் வேலை பார்க்கிற யஸ்வந்தும் இரண்டு சிநேகிதப் பையன்களும் இருந்தார்கள். தினம் இரண்டு கிலோ வாங்குகிறவர்கள்.

"மாவு வேணாம்கா. இனிமே உப்புமா பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றான் யஸ்வந்த்.

கல்யாணம் ஆகாத மூன்று பையன்கள் தாங்களாகவே உப்புமா என்கிறார்கள். அப்போதுதான் தேவசேனாவுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. மாடியிலேயே எதிர் போர்ஷனில் நாயுடுபேட்டைக்காரி பிரேமலதா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளாவது காப்பாற்றுவாள் என்று போனால், "ஷுகர் வர்ற மாதிரி இருக்கு தேவசேனா, கொஞ்ச நாளைக்கு அரிசியே வேணாம்" என்றாள். சொல்லும்போதே அவள் கையில் ஜிலேபிப் பொட்டலம்.

விலை ஏற்றுகிற பேச்சையே எடுக்காமல் தேவசேனா கீழே இறங்கினாள். மாவில்தான் ஏதோ கோளாறு. வேறென்ன? இரண்டு நாள் அவள் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. அரிசிக் கடைக்காரரோடு சண்டை போட்டாள். உளுந்தை மாற்றினாள். கிரைண்டர் கல்லை மூன்று தடவை கழுவினாள். மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சீனுவுக்குத் தோசை வார்த்துப் போட்டு, எதிரே உட்கார்ந்து அவன் தாடையையே பார்த்தாள்.

"எப்படிக் கீது? நெஜத்த சொல்லு."

"நல்லாத்தான் கீது."

"புளிக்குதா?"

"இன்னும் ரெண்டு போடு, சொல்றேன்."

அவனிடம் கேட்டு உபயோகமில்லை. ஆறு தோசை தின்றுவிட்டு எழுந்து போனான்.

மூன்றாம் நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட வந்த யமுனாவை மடக்கிப் பிடித்தாள். படி இறங்குகிற வழியில் பக்கெட்டை வைத்து, தானும் நின்றுகொண்டாள்.

"யமுனா, என் மாவுல இன்னா கொறைன்னு சொல்லாம நீ கீழ எறங்க முடியாது. பல்லி வுழுந்துச்சா? கல்லு கீதா? எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லு, நான் தாங்கிக்குவேன்."

யமுனா இப்படிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"உன் மாவுல ஒண்ணும் இல்லக்கா. ஓனரு வாடகை ஏத்திட்டாரு. எங்க செலவ கொறைக்கறதுன்னு தெரியல. மொதல்ல மாவு, அப்புறம் பாலுன்னு நெனச்சிகினு இருந்தோம். யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னாருக்கா. எல்லாருக்கும் ரெண்டாயிரம், எனக்கு மட்டும் ஆயிரத்தி ஐநூறு."

தேவசேனா பக்கெட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "உனக்கு மட்டுமா?" என்றாள் மெதுவாக.

"ஆமாக்கா. நகரிப் பொண்ணு, நம்ம ஊரு ஜனம்னு."

தேவசேனாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் நெஞ்சு வரைக்கும் ஏறி, அங்கிருந்து எப்படியோ வழி தப்பிச் சிரிப்பாக வெளியே வந்தது. என் மாவு நன்றாகத்தான் இருக்கிறது என்ற சந்தோஷம் வேறு. இரண்டு நாளாக உளுந்தைத் திட்டிய பாவத்தை எங்கே போய்த் தீர்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு போர்ஷனும் மொட்டை மாடியில் கூடியது. பார்த்தால் நேராகத் திருமலை மலை. அந்த மலைக்கு முன்னால் பொய் சொல்லக் கூடாது என்று ஆரம்பித்து வைத்தாள் பிரேமலதா. தெலுங்கு பேசுகிறவள் என்பதால் அவளிடம் சிட்டிபாபு அந்த 'உனக்கு மட்டும்தான்' வசனத்தை, "நீக்கு மாத்ரமே" என்று தெலுங்கிலேயே சொல்லியிருந்தார். யஸ்வந்திடம், "பசங்க படிச்சு முன்னுக்கு வரணும், அதான் உனக்கு மட்டும்" என்றிருந்தார். அந்தப் பையன் படிப்பை விட்டு நாலு வருஷமாகிறது.

"அது கெடக்கட்டும். வாடகை எவ்ளோ குடுக்கறீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றாள் தேவசேனா.

ஏழாயிரம். ஏழாயிரம். ஏழாயிரம். ஏழாயிரம். எட்டாயிரம் கொடுக்கிற அந்த 'மத்தவங்க' என்கிற பாவப்பட்ட ஜனங்கள் யாருமே இந்த உலகத்தில் இல்லை. இரண்டு வருஷமாக நாலு பேரும், மற்ற மூன்று பேரைப் பார்த்து மனசுக்குள் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நாம இப்படி வாயைக் கட்டிகினு இருந்தா, அவரு ஏன் ஏத்த மாட்டாரு" என்று தேவசேனா சூடாகத் தொடங்கியபோதுதான் பிரேமலதா குறுக்கிட்டாள்.

"தேவசேனா, கோவிச்சுக்காதே. நீ மாவு போடறப்ப ஒரு கரண்டி சேத்துப் போட்டு, 'உனக்கு மட்டும்தான்கா, வெளிய சொல்லாத'ன்னு சொல்லுவியே. அது எனக்கு மட்டும்தானா?"

யமுனா யஸ்வந்தைப் பார்த்தாள். யஸ்வந்த் தேவசேனாவைப் பார்த்தான். தேவசேனா மலையைப் பார்த்தாள். மலைக்கு முன்னால் பொய் சொல்லக் கூடாது என்று வேறு சொல்லியாயிற்று.

"நாப்பத்தி மூணு வூட்டுக்கும்தான்" என்றாள் கடைசியில்.

அன்றைக்கு அந்த மாடியில் எழுந்த சிரிப்பில் கொடியில் இருந்த காக்கைகள் பறந்தன. யஸ்வந்துக்கு விக்கலே வந்துவிட்டது. அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் காரியத்துக்கு வந்தார்கள்.

தேவசேனா பீரோவிலிருந்து எடுத்து வந்த அக்ரிமெண்டைப் பிரித்தாள். எல்லாம் தெலுங்கு. அவள் எட்டாவது வரை படித்தது தமிழில். தெலுங்கு வாய் நிறையப் பேசுவாள், படிப்பது மட்டும் பஸ் போர்டு அளவுக்கு. யமுனா கை நீட்டினாள்.

"குடுக்கா, நான் படிக்கறேன்."

"இரு. என் வூட்டுக் காயிதம், நானே பாக்கறேன்."

விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் போனாள். வடமாலபேட்டை, ரேணிகுண்டா என்று பஸ் போர்டில் பழகிய எழுத்துகளையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்து வந்து சேர்த்தாள். முதல் பக்கம் முழுக்கப் பெயரும் விலாசமும். இரண்டாம் பக்கத்தில் ஐந்தாவது வரிக்கு வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. யஸ்வந்த் போனில் லைட் போட்டுப் பிடித்தான்.

"பதகொண்டு நெலலு… பூர்த்தி அயின தருவாத்த… ஐது… சாதம்… மாத்ரமே…" அவள் நிமிர்ந்தாள். "பதினோரு மாசம் முடிஞ்சப்புறம் அஞ்சு பர்சென்ட் மட்டும். அப்படித்தான யமுனா?"

"அதேதான்கா" என்றாள் யமுனா. அவள் முகமே மாறிவிட்டது. ஆபீஸ் முகம். "உன்னுது செப்டம்பர் முப்பது வரைக்கும் கீது. அதுவரைக்கும் ஏழாயிரம்தான். நடுவுல ஏத்தணும்னா ரெண்டு பேரும் ஒத்துக்கணும், அவரு மட்டும் சொன்னா ஆவாது. முடிஞ்சு புதுப்பிச்சா ஏழாயிரத்தி முன்னூத்தி அம்பது. அதுக்கு மேல கேக்க மாட்டேன்னு அவரே கையெழுத்து போட்டுக்கீறாரு."

பிரேமலதாவின் காகிதத்திலும் அதே வரி. யஸ்வந்தின் காகிதத்திலும் அதே வரி. "உன்னுது எங்க?" என்று யமுனாவைக் கேட்டார்கள்.

யமுனா துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அக்ரிமெண்டே இல்லக்கா. உனக்கு மட்டும் பேப்பர் எதுக்கும்மா, நமக்குள்ள நம்பிக்கை இல்லியான்னு கேட்டாரு." ஒரு நாளைக்கு எட்டு வாடகை அக்ரிமெண்ட் டைப் அடிக்கிறவள் சொல்கிறாள் இதை. "ஆனா மாசாமாசம் போன்லதான் பணம் அனுப்பறேன். அதுவே சாட்சி. எடுத்தவுடனே வெளிய போன்னு என்னையும் சொல்ல முடியாது, முறையா நோட்டீஸ் குடுக்கணும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாலு பேரும் சேர்ந்து எதிர் வீட்டுக்குப் போனார்கள். சிட்டிபாபு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒருவர் வந்தால் சிரிப்பார், இருவர் வந்தால் உட்காரச் சொல்லுவார். நாலு பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்ததும் பேப்பர் தானாக மடிந்தது.

"யாரு சொன்னது?" என்றார். பாவம், முதலில் வாயில் வந்தது அதுதான்.

"யாரும் சொல்லலண்ணா. என் மாவுதான் சொல்லுச்சு" என்றாள் தேவசேனா. பிறகு அக்ரிமெண்டை விரித்து அந்த ஐந்தாவது வரியை அவருக்குப் படித்துக் காட்டினாள். இந்தத் தடவை தடங்கல் இல்லை. ராத்திரி முழுக்க அதையே படித்திருந்தாள். உள்ளிருந்து ரத்தினம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எவ்ளோ வாடகைன்னு சொன்னே?"

"ஏழாயிரம்கா. நாலு பேருக்கும்."

"ஏழாயிரமா?" ரத்தினம்மா புருஷனைப் பார்த்தார். "என்கிட்ட ஆறாயிரத்தி ஐநூறுன்னு சொல்லிகினு கீறாரே, இந்த மனுஷன்."

அதற்கு அப்புறம் சிட்டிபாபுவிடம் சண்டை போட யாருக்கும் மனசு வரவில்லை. அந்த வேலையைச் செய்ய வீட்டிலேயே ஆள் இருந்தது. ரத்தினம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களை வைத்த சத்தமே போதுமானதாக இருந்தது. சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப இத்தன நாளு நாலு பேரும் என்னத் திட்டிகினு இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. நாலு பேரும் உங்கள கும்பிட்டுகினு இருந்தோம். அதான் தொந்தரவே."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் குறையைச் சொன்னார். அடுத்த தெருவில் ஒன்பதாயிரம் வாங்குகிறானாம். புரோக்கர் தினம் வந்து காதில் ஓதுகிறானாம். அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். நாளைக்கு இன்னொருவன் பத்தாயிரம் என்றால் இவர் என்ன செய்வார்?

தேவசேனா ஒரு நிமிஷம் யோசித்தாள். அவளுக்கும் அதே கவலைதான், அந்தப் பக்கத்திலிருந்து. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வீடு இருக்குமா போகுமா என்று பயப்படுவதை அவளால் இனித் தாங்க முடியாது.

"அண்ணா, பேசாம மூணு வருஷத்துக்கு எழுதிடுங்க. எந்த வருஷம் எவ்ளோ ஏறும்னு இப்பவே நம்பர் போட்டு எழுதிடுங்க. நீங்க அடுத்த தெரு பக்கம் திரும்பிப் பாக்காதீங்க. நாங்களும் வேற வூடு தேட மாட்டோம். ஒரு மாசம்கூட உங்க வூடு பூட்டிக் கெடக்காது."

"மூணு வருஷம்னா ரிஜிஸ்டர் பண்ணணும்" என்றாள் யமுனா சட்டென்று. "இல்லன்னா அந்தப் பேப்பர் கோர்ட்டுல நிக்காது. செலவு பாதி பாதி."

சிட்டிபாபு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். உள்ளேயிருந்து ரத்தினம்மாவின் குரல் மட்டும் வந்தது. "எண்ணினது போதும், சரின்னு சொல்லு." அவர் சரி என்றார்.

செப்டம்பரில் ஒரு நல்ல நாள் பார்த்து சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸுக்குப் போனார்கள். நாலு அக்ரிமெண்டையும் யமுனாவே அடித்திருந்தாள். அதில் ஒன்று, காசு வாங்காமல் தனக்காக அவள் அடித்த முதல் பத்திரம். யார் பெயரில் போடுவது என்று கேட்டபோது சீனு தலையைச் சொறிந்துகொண்டு, "அவ பேருல போடும்மா, வாடகை மாவுலதான போவுது" என்றிருந்தான். அதனால் கைரேகை வைக்கத் தேவசேனாவைக் கூப்பிட்டார்கள். மிஷின் அவள் விரலை எடுக்கவே இல்லை. ஒன்பது வருஷமாக மாவிலும் தண்ணீரிலும் ஊறி ரேகையெல்லாம் தேய்ந்து கிடந்தது. புடவையில் துடைத்து வைத்தாள், எடுக்கவில்லை. தலைமுடியில் தேய்த்து வைத்தாள், எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஐந்தாவது தடவை இடது கைச் சுட்டு விரலுக்கு மிஷின் மனசு வைத்தது. வரிசையே கைதட்டியது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அவள் காகிதத்தைப் படித்தாள். இந்த அக்டோபரிலிருந்து ஏழாயிரத்து முன்னூற்று ஐம்பது. அடுத்த அக்டோபரில் ஏழாயிரத்து எழுநூற்று இருபது. அதற்கும் அடுத்ததில் எட்டாயிரத்து நூறு. முப்பது செப்டம்பர் 2028 வரைக்கும்.

"வாடகை ஏறுதுன்னு எழுதியிருக்கு. அதப் படிச்சுட்டு இப்படி சிரிக்கிற ஒருத்திய இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் சிட்டிபாபு.

அவள் போனை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனாள். ஊரில் அவள் அப்பா ஏழுமலை, அடுத்தவர் நிலத்தில் கூலி செய்து, அடுத்தவர் வரப்போரத்தில் குடிசை போட்டு, எழுந்திரு என்றால் எழுந்து போயே காலத்தை ஓட்டிய மனுஷன். இப்போதுதான் அரசாங்கம் கொடுத்த ஒரு அறை வீட்டில் காலை நீட்டிப் படுக்கிறார்.

"நைனா, ரெண்டாயிரத்தி இருபத்தெட்டு வரைக்கும் நான் இந்த வூட்டுலதான் இருப்பேன். என் பேருல எழுதிக் குடுத்துட்டாங்க. ரிஜிஸ்டர் ஆயிடுச்சு."

"வாடகை ஏறுமா?" என்று கேட்டார்.

"ஏறும் நைனா. எப்ப ஏறும், எவ்ளோ ஏறும்னுகூட எனக்குத் தெரியும்."

"அப்பன்னா இரு." கட்டிலிலிருந்து அவர் எழுந்திருப்பதும், எதையோ தேடுவதும், யாரிடமோ பேனா கேட்பதும் போனில் கேட்டது. ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவர் இதைக் கேட்டதில்லை. "உன் கதவு நெம்பரு, தெருப் பேரு எல்லாம் மெதுவா சொல்லு கண்ணு. சுவத்துல எழுதிக்கிறேன்."